ஊர்மீட்பை விழுங்கிய திரை

இருண்ட அரங்கில் மூன்று மணி நேரத்திற்கு மேலாக யான் ஒன்றற்காகவே காத்திருந்தேன். தீயோனின் ஆற்றலெல்லாம் அடங்கியிருந்த கணையாழி எரிமலையின் வயிற்றில் உருகிப் போயிற்று. தீயோன் ஒழிந்தான். வேந்தன் முடி சூடினான். சிறிய உருவினராகிய நால்வர், ஓராண்டுக்கு மேற்பட்ட அலைச்சலுக்குப் பின், தம் ஊர் நோக்கிக் குதிரை ஏறினர். 'இனித்தான் கதை!' என்று நெஞ்சு துடித்தது. ஆற்றுப் பாலத்தின் இருமுனையிலும் முள்வைத்த கதவுகள் எழுந்திருக்கும். பழமரங்கள் வெட்டுண்டு கிடக்கும். ஊரார் தம் ஊரிலேயே அடிமைகளாய்க் குனிந்து நிற்பர். இந்நால்வரும் கொம்பூதி அவர்களை எழுப்புவர் என்று இருக்கையின் நுனியில் அமர்ந்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை. ஊர் முன்போலவே பசுமையாய்ச் சிரித்தது. நால்வரும் கள்ளுக்கடையில் வாய் பேசாது அமர்ந்து குடித்தனர். கப்பல் ஒன்று கடலிற் சென்றது. படம் முடிந்தது. சுற்றியிருந்தோர் கண்ணீர் துடைத்துக்கொண்டு எழுந்தனர். யானோ சினத்தோடு எழுந்தேன்.

அந்நூல், ஆங்கிலப் பேராசிரியர் தோல்கீன் எழுதி, 1954, 1955 ஆகிய ஈராண்டுகளில் மூன்று மடலங்களாக வெளிவந்த 'கணையாழிகளின் தலைவன்' என்னும் பெரும்புதினம். அப்படம், நியூசிலாந்து இயக்குநர் பீட்டர் சாக்சன் 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாய் வெளியிட்டது. நூலை இளமையிற் கற்று, கற்றதைத் திரும்பத் திரும்பக் கற்று, அதன் பின்னிணைப்புகளையும் எழுத்தெண்ணிப் படித்தவன் என்னும் உரிமையோடு இதனை எழுதுகின்றேன்.

தனித்தமிழ் ஏட்டில் ஆங்கிலக் கற்பனைக் கதைக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் புருவம் நெறிக்கலாம். பொறுமையாய்க் கேளுங்கள். மொழியே வேர், அவ்வேரிலிருந்தே மண்ணும் மாந்தரும் கதையும் தழைக்கின்றன என்று தம் வாழ்நாள் முழுதும் காட்டிய ஒருவரின் நூல் அது. அவ்வேரை வெட்டிவிட்டுப் பூவை மட்டும் விற்றால் என்ன நேரும் என்பதற்கு அப்படமே சான்று. நம் நாட்டிற் பிறர் சொல்லி நாம் நம்ப மறுத்த உண்மையை, வேற்று நாட்டு எடுத்துக்காட்டொன்று ஐயமறக் காட்டுமாயின், அதனைக் கண்டும் காணாது போவது அறிவுடைமை ஆகாது.

சொல்லிற் பிறந்த கதை

தோல்கீன் 1892-இல் தென்னாப்பிரிக்காவிற் பிறந்து, இளமையிலேயே இங்கிலாந்துக்கு வந்து, பர்மிங்காம் நகரை அடுத்த சேர்கோல் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். முதலாம் உலகப் போரில், 1916-ஆம் ஆண்டு, பிரான்சு நாட்டுச் சோம் போர்க்களத்தில் நின்றவர். அகழிக் காய்ச்சலுற்று நாடு திரும்பி, மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோதே தம் முதற் கதைகளை எழுதத் தொடங்கினார். நம் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்திற்கு வித்திட்டதும் அதே 1916-இல் என்பதை எண்ணிப் பார்க்கையில் உள்ளம் சிலிர்க்கின்றது. ஒருவரை ஒருவர் அறியாத இருவர், உலகின் இருவேறு மூலைகளில், ஒரே காலத்தில் தத்தம் மொழியின் ஆழத்தைத் தோண்டிக்கொண்டிருந்தனர்.

போர் முடிந்தபின் அவர் ஏற்ற முதற்பணி எது? ஆக்சுபோர்டு ஆங்கில அகரமுதலியின் அலுவலகத்திற் சொற்பிறப்பு ஆராயும் பணி. 1919, 1920 ஆண்டுகளில் ஓரெழுத்திற்குரிய சொற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றன் வேரையும் கிளையையும் தேடினார். 'வால்ரசு' என்னும் கடல்விலங்கின் பெயர்வரலாற்றை மட்டும் எத்தனையோ முறை திருத்தித் திருத்தி எழுதினார். வேர்ச்சொற் காட்டிற் பாவாணர் பட்ட பாட்டினை அறிந்த நமக்கு அவ்வுழைப்பின் அருமை நன்கு விளங்கும். 1925 முதல் 1945 வரை ஆக்சுபோர்டிற் பழ ஆங்கிலப் பேராசிரியர். அதன்பின் 1959 வரை ஆங்கில மொழி இலக்கியப் பேராசிரியர்.

இத்தகையவர் கதை எழுதியது எங்ஙனம்? கதை எழுதி, அதற்கு அணியாக மொழியைப் புனைந்தவர் அல்லர். மொழிகளை முதலிற் படைத்தார். அம்மொழிகளைப் பேசுதற்கு மக்கள் வேண்டுமென்று மக்களைப் படைத்தார். அம்மக்களுக்கு ஒரு வரலாறு வேண்டுமென்று கதையைப் படைத்தார். இதனை அவரே பலகால் எடுத்துரைத்துள்ளார். அணங்கினத்தார்க்கென அவர் படைத்த மொழிகள் இரண்டு. ஒன்று பின்னிய மொழியின் ஓசையிற் பிறந்தது. மற்றொன்று வேல்சு மொழியின் ஓசையில் வளர்ந்தது. பின்னிய மக்களின் வாய்மொழிப் பாடல்களை இலோன்ரோத் என்பார் ஊர் ஊராய்த் திரிந்து திரட்டி 1835-இல் 'கலேவலா' என்னும் காப்பியமாய் வெளியிட்டார். பிறர் ஆட்சியின்கீழ்க் கிடந்த அம்மக்கள் தம்மைத் தாமே அறிந்துகொள்ள அக்காப்பியமே கைவிளக்காயிற்று. அதனைக் கண்ட இளைஞர் தோல்கீன், தம் இங்கிலாந்துக்கு அத்தகைய தொன்மம் இல்லாது போயிற்றே என்று வருந்தினார். 1066-இல் நார்மானியர் படையெடுத்து வென்று, அரசவையிலும் முறைமன்றத்திலும் பிரெஞ்சினை ஏற்றியதும், பழ ஆங்கிலச் சொற்கள் உழவன் குடிசைக்குள் ஒடுங்கின. அங்ஙனம் ஒடுங்கியவற்றை மீண்டும் அரியணையில் ஏற்றிவைத்த நூலே இது.

உரோகான் என்னும் குதிரை மறவர் நாட்டில் வேந்தன் பெயர் தியோடன். பழ ஆங்கிலத்தில் அதன் பொருளே 'தலைவன்' என்பது. நடக்கும் மரங்களாகிய எண்டர் என்போரின் பெயர், பழ ஆங்கிலத்திற் பேருருவினரைக் குறிக்கும் சொல். ஆபிட்டர் என்னும் சிறுமாந்தரின் பெயருக்கும் 'வளை தோண்டி வாழ்வோர்' என்று பொருள்படும் ஒரு பழஞ்சொல்லைப் புனைந்து வேர் காட்டினார். கதையின் தலைமாந்தருள் ஒருவனாகிய தோட்டக்காரன் சாமின் பெயர்கூட, 'அரைமதியன்' என்னும் பழ ஆங்கிலச் சொல்லே.

இன்னும் ஒன்று கேளுங்கள். பிரோடோ வாழும் வீட்டின் பெயர் 'பைக்கோடி' என்று பொருள்படும். பிரெஞ்சுக் கடன்சொல்லால் ஆங்கிலேயர் 'முட்டுச் சந்து' என்று சொல்வதன் நேர் ஆங்கில ஆக்கமே அது என்பதையும், அக்குடியில் தம் பெயருக்குப் பிரெஞ்சு ஈறு ஒட்டிக்கொண்டு மேட்டுக்குடியாராய்த் திரியும் கிளையினரே பேராசை பிடித்த உறவினர் என்பதையும் அறிஞர் தாம் சிப்பி எடுத்துக்காட்டியுள்ளார். கதையின் முடிவில் ஊரைப் பிறர்க்கு விற்பவன் அந்தப் பிரெஞ்சு ஈற்றுக் கிளையிற் பிறந்தவனே! ஒரு பெயரின் ஈற்றுக்குள் ஓர் இனத்தின் வரலாற்றையே பொதிந்து வைத்த பெருந்திறன் இது.

இவர் ஆங்கில வல்லாண்மையின் ஊதுகுழலரோ என்று ஐயுற வேண்டா. 1943-இல் தம் மகனுக்கு எழுதிய மடலில், தாம் நேசிப்பது இங்கிலாந்தை. பேரரசை அன்று என்று தெளிவாய்க் கூறினார். ஆங்கிலம் உலகெங்கும் பரவிப் பெருமொழியாகிறது என்பது உண்மையாயின் அது வெட்கக்கேடு என்றும் அம்மடலில் வெதும்பினார். 1938-இல் செருமானியப் பதிப்பகம் ஒன்று அவர் ஆரியப் பிறப்பினர்தாமா என வினவியபோது, ஆரியர் என்பது இந்திய ஈரானிய மொழியினத்தாரைக் குறிக்கும் சொல். தம் முன்னோருள் எவரும் அம்மொழிகளைப் பேசியதாய்த் தாம் அறியார் என்று எள்ளல் ததும்ப விடை வரைந்தார். யூத இனத்தாருள் தமக்கு முன்னோர் இல்லாமைக்கு வருத்தமும் தெரிவித்தார். இத்தகைய மொழிமானமும் நெஞ்சுரமும் உடையவர் நூலைத்தான் திரைப்படம் கையிலெடுத்தது.

பாராட்ட வேண்டியது

குறை சொல்லப் புகுந்தவன் நிறையை மறைத்தல் முறையன்று. நியூசிலாந்தின் மலையும் புல்வெளியும் அக்கதைக்கெனவே பிறந்தன போல் அமைந்தன. நெடுங்காலம் அந்நூற்கு ஓவியம் தீட்டிய ஆலன் இலீ, சான் ஓவே ஆகிய இருவரையும் அழைத்து வந்து, வாளின் பிடியிலும் வாயிற் கதவிலும் நுண்மை காட்டினர். மூன்றாம் படம் தான் முன்மொழியப்பட்ட 11 ஆசுகர் விருதுகளையும் ஒன்று விடாது பெற்றது. மூன்று படங்களும் சேர்ந்து பெற்றவை 17. கைத்திறனைக் குறை கூறுவார் எவரும் இலர்.

மொழிக்கும் அவர்கள் ஏதோ செய்தனர். மொழியறிஞர் ஒருவரை அமர்த்தி, அணங்கினத்தார் மொழியில் உரையாடல் எழுதினர். ஓவார்டு சோர் அமைத்த இசையிற் குழுவினர் பாடுவன பல, தோல்கீன் படைத்த மொழிகளிலும் பழ ஆங்கிலத்திலும் அமைந்தவை. ஆனால், அன்பர்களே, ஈண்டே நோயின் வேர் கிடக்கின்றது. அம்மொழிகள் படத்தில் இசையாய் வந்தன, நறுமணமாய் வந்தன, காதலர் இருவர் மெல்லப் பேசும்போது திரையின் அடியில் ஓடும் எழுத்தாய் வந்தன. கதையை நடத்தும் ஆற்றலாய் அவை வரவேயில்லை. மணமகள் கழுத்தில் நகையாய்ப் போட்டுப் பார்த்தனரே அன்றி, அவள் வாயைத் திறந்து பேச விடவில்லை. மேடையில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடிவிட்டு, இறங்கியதும் வேற்று மொழியில் அலுவல் நடத்துவாரை நாம் அறியோமா? அதே நோய்தான் இதுவும்.

நாவின் நஞ்சு மாயமான கதை

நூலின் நடுநாயகமான உண்மை ஒன்று: நாட்டைக் கெடுப்பது முதலில் வாளன்று, நாவே.

உரோகான் வேந்தன் தியோடன் முதுமையாலும் சோர்வாலும் இருக்கையில் முடங்கிக் கிடக்கின்றான். அவனை முடக்கியது யாது? பாம்புநாவன் என்னும் அமைச்சன் நாள்தோறும் காதில் ஊற்றிய சொல். 'உமக்கு வயதாகிவிட்டது, உம்மால் இயலாது, உம் உறவினரே உமக்குப் பகை' என்னும் போக்கில் மெல்ல மெல்ல ஊட்டிய நஞ்சு. நூலில் அவனை மீட்பதும் சொல்லே. முதியோன் காண்டால்பு அவனைக் கைப்பிடித்து இருண்ட மண்டபத்திலிருந்து வெளியே அழைத்து வந்து, காற்றையும் வானையும் தன் நாட்டையும் காட்டுகின்றான், உண்மையைச் சொல்கின்றான். வேந்தன் தன் கைத்தடியை விட்டு நிமிர்கின்றான், வாளைப் பற்றுகின்றான். ஓர் இனம் விழிப்பதன் ஓவியம் இது.

படம் என்ன செய்தது? வேந்தனுக்குள் சூனியக்காரன் சாருமான் புகுந்துகொண்டு பேசுகின்றானாம். காண்டால்பு தன் கோலை நீட்டிப் பேயோட்டுகின்றானாம். வேந்தனின் சுருங்கிய தோல் நொடியில் இளமையுறுகின்றதாம்! சொல்லால் கெட்டவன் சொல்லால் மீண்டான் என்னும் பேருண்மையைப் பேயோட்டும் வித்தையாய்க் குறுக்கிவிட்டனர். அடிமைத்தனம் மாயத்தால் வந்ததாயின் மாயக்காரன் ஒருவன் வந்து தீர்க்கும் வரை காத்திருக்கலாம். சொல்லால் வந்ததாயின் நாமே விழித்து நம் செவியைக் காத்தாக வேண்டும். இவ்விரண்டிற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு உண்டு.

சாருமான் செய்தியும் இதுவே. நூலில் அவனது முதற்படைக்கலம் அவன் குரல். தோற்று, கோட்டைக்குள் அடைபட்ட பின்னும், அவன் மாடத்தில் நின்று பேசத் தொடங்கியதும், அவனால் தம் உறவினரை இழந்த மறவரே மயங்கி நிற்கின்றனர். நயமான பேச்சைத் தியோடன் அறுத்தெறியும் அவ்விடம் நூலின் மணிமுடிகளுள் ஒன்று. திரையரங்கிற்கு வந்த மூன்றாம் படத்திலோ சாருமானே இல்லை. பின்னர் வெளியிட்ட நீட்டிய பதிப்பில் ஒரு காட்சி சேர்த்தனர். அதிலும் குரலின் மயக்கத்திற்குரிய இடத்தைக் கத்திக்குத்தும் கோபுரத்திலிருந்து விழும் விழுக்காடும் பிடித்துக்கொண்டன.

குறுக்கப்பட்ட பெருமாந்தர்

பாராமிர் என்னும் இளங்கோ, நூலில், கணையாழி தன் கைக்கு எட்டும் தொலைவில் வந்தும், வழியிற் கிடந்தாலும் அதனை எடுக்கமாட்டேன் என்று தெளிந்து பிரோடோவை வழியனுப்புகின்றான். படத்தில் அவனே பிரோடோவைச் சிறைப்பிடித்து ஓர் அழிந்த நகருக்கு இழுத்துச் சென்று, பின்னரே மனம் மாறுகின்றான். அறம் பிறவியிலேயே ஒருவனிடம் அமைந்திருக்கலாகாது; ஒரு சண்டைக்குப் பின்னரே வரவேண்டும் என்று திரையுலகம் யாரிடம் கற்றதோ!

எண்டர் செய்தி இன்னும் கொடிது. நூலில் அப்பழமரத் தலைவர்கள் அவை கூடி மூன்று நாள் ஆராய்ந்து, தம் காட்டை அழிக்கும் சாருமான்மேல் போர் தொடுக்கத் தாமே முடிவு செய்கின்றனர். மெல்லச் சிந்திக்கும் பேரினம் ஒருமுறை எழுந்தால் மலையும் தாங்காது என்பதே அதன் உட்கிடை. படத்தில் அவை கூடிப் போர் வேண்டா என்று முடிவு செய்து கலைகின்றது. சிறுமாந்தன் ஒருவன் தந்திரமாய் வேறு வழியில் அழைத்துச் சென்று, வெட்டுண்ட மரங்களைக் கண்ணிற் காட்டிய பின்னரே மரத்தாடியனுக்குச் சினம் வருகின்றது. தன் காட்டில் நடந்தது தனக்கே தெரியாத காவலனா அவன்? தம்மைத் தாமே ஆளவல்ல இனத்தை, பிறன் கண்திறந்து விட்டாலன்றி விழிக்காத இனமாய் மாற்றிவிட்டனர்.

ஊர்மீட்பு

இப்போது நெஞ்சு கொதிக்கும் இடத்திற்கு வருவோம். நூலின் ஆறாம் பகுதியில், முடிவுக்கு முந்திய இயல் அது.

நால்வர் ஊர் திரும்புகின்றனர். பாலத்தில் கதவு, காவல்மனைச் சுவரெங்கும் கட்டளைப் பட்டியல். உணவு இல்லை, விடுதிகள் மூடிக்கிடக்கின்றன. விளைச்சலையெல்லாம் அள்ளிச் செல்வோர் தம்மைத் 'திரட்டுவோர்' என்றும் 'பகிர்வோர்' என்றும் பெயரிட்டு அழைத்துக்கொள்கின்றனர். திரட்டுவது உண்மை, பகிர்வது மட்டும் ஊரார்க்கு இல்லை. கொள்ளைக்கு நல்ல பெயர் சூட்டுவதே கொள்ளையின் முதற்படி என்பதைத் தோல்கீன் எத்துணைக் கூர்மையாய்க் கண்டுள்ளார்!

இதற்கு வழி திறந்தவன் வெளியூரான் அல்லன். பிரெஞ்சு ஈறு ஒட்டிய அக்குடியின் இலோதோ. நிலத்தையும் ஆலையையும் விடுதியையும் ஒவ்வொன்றாய் வாங்கினான். ஊர் விளைவை வெளியே ஏற்றி விற்றான். தனக்குத் துணையாய் வெளியாட்களைக் கொணர்ந்தான். 'தலைவன்' எனத் தன்னை அழைக்கச் செய்தான். ஊர்த்தலைவரைச் சிறையிலிட்டான். பின்னர் அவன் கொணர்ந்தோரே அவனை விழுங்கினர். தோற்றோடிய சாருமான் வேறு பெயரில் வந்து ஊரை ஆண்டான். இலோதோ தன் வீட்டிலேயே கொலையுண்டான். காட்டிக் கொடுத்தவனுக்குக் கிடைத்த கூலி அது.

மரங்கள் வேண்டுமென்றே வெட்டப்பட்டன. ஆலை புகை கக்கிற்று, ஆற்றுநீர் கறுத்தது. ஊர்ப்பிள்ளைகளே காவலராய்ச் சேர்க்கப்பட்டு, தம்மவரையே பிடித்துக்கொடுத்தனர். அவருட் பலர் வெறுத்தும் விலக வழியின்றிக் கிடந்தனர்.

இவ்விடத்தில் முதியோன் காண்டால்பு இல்லை. உங்கள் ஊர்ச் சிக்கலை நீங்களே தீர்க்க வேண்டும். அதற்கே நீங்கள் பயின்றீர்கள் என்று சொல்லி வழியிலேயே அவன் பிரிந்து போய்விட்டான். வேந்தன் படையும் வரவில்லை. மெரி கொம்பூதினான். பிப்பின் கட்டளைப் பட்டியலைக் கிழித்தெறிந்தான். உழவர்கள் கையிற் கிடைத்ததை ஏந்தி எழுந்தனர். அடுத்த நாள் நடந்த போரில் ஏறத்தாழ 70 கொடியோர் மாண்டனர்; ஊரார் 19 பேர் உயிர் ஈந்தனர். பிரோடோ வாளை உருவவில்லை. படைக்கலத்தைக் கீழே போட்டவரைச் சினத்தில் எவரும் கொல்லாதவாறு தடுத்து நின்றான். வெற்றியிலும் அறம் வழுவா அந்நிலையைப் படிக்குந்தோறும் என் கண் பனிக்கும்.

அதன்பின் சாம், அணங்கினத்து அரசி கலாத்திரியேல் தனக்கு அளித்த சிறு பேழையைத் திறக்கின்றான். அதிலிருந்தது பொன்னன்று, மண். அவள் தோட்டத்து மண்ணும் ஒரு விதையும். மரம் வெட்டுண்ட இடந்தோறும் கன்று நட்டு, ஒவ்வொன்றன் அடியிலும் ஒரு துகள் மண் இட்டு, அவ்விதையை ஊர்த்திடலில் விதைக்கின்றான். மறுவேனிலில் ஊர் பூத்தது. உலகையே காத்த தலைமறவன் இறுதியில் செய்யும் வேலை மரம் நடுதல்!

சேர்கோலில் தாம் ஓடியாடிய நாட்டுப்புறம், தமக்குப் பத்து வயது ஆகுமுன்னரே நகரப் பெருக்கில் சீரழிந்ததையும், பழைய ஆலை பாழ்பட்டதையும் கண்ட பட்டறிவில் இவ்வியலுக்கு ஓரளவு அடிப்படை உண்டு எனத் தோல்கீன் தம் நூலின் இரண்டாம் பதிப்பு முன்னுரையிற் கூறினார். அவர் வயிற்றெரிச்சலிற் பிறந்த இயல் அது.

திரை இதனை முழுதும் வெட்டியெறிந்தது. முதற் படத்தில் கலாத்திரியேலின் நீர்க்கண்ணாடியில் பிரோடோ தன் ஊர் எரிவதை ஒரு கணம் காண்கின்றான், அவ்வளவே. நிகழ்ந்த அடிமைத்தனத்தை நிகழாத தீக்கனவாய்க் காட்டிவிட்டு ஓடிவிட்டனர். மண்பேழையும் இல்லை, நீட்டிய பதிப்பிற் சாமுக்குக் கிடைத்தது கயிறு! போர் என்பது எங்கோ தொலைவில் நடப்பது. வீடு என்பது எப்போதும் காத்துக்கிடப்பது என்று பார்ப்போர்க்குத் தாலாட்டுப் பாடிவிட்டனர். நூலோ, தொலைவிற் போய் வென்று வருவதற்குள் உன் வீட்டை விற்றுவிடுவர். திரும்பி வந்து அதனையும் நீயே மீட்க வேண்டும் என்று தட்டி எழுப்புகின்றது.

மறுப்பும் விடையும்

'திரைக்கு நேரம் போதாது' என்பர். அப்படியா? அதே இயக்குநர், அதே ஆசிரியரின் 1937-ஆம் ஆண்டுச் சிறுநூலாகிய 'ஆபிட்டு' என்னும் ஒற்றைக் கதையை 2012, 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் மூன்று நெடும்படங்களாய் இழுத்தனரே, அப்போது நேரம் எங்கிருந்து வந்தது? வணிகம் வேண்டியபோது நீளும் நாடா, மண் வேண்டியபோது மட்டும் சுருங்குவது ஏன்?

'முதன்மைப் பகை ஒழிந்தபின் இன்னொரு சண்டை சுவைக்காது' என்பர். 1981-இல் பி.பி.சி. வானொலி இதே நூலை 26 பகுதிகளாய் நாடகமாக்கியது. அதில் ஊர்மீட்பு இருந்தது. கேட்டவர் ஓடிவிடவில்லை; இன்றளவும் அந்நாடகத்தைப் போற்றுவோர் பலர். வெறும் குரலால் இயன்றது, கோடி கோடியாய்க் கொட்டியவர்க்கு இயலாதாயிற்றோ?

'படவுரிமையை விற்றவர் தோல்கீனே அல்லரோ?' என்பர். ஆம், 1969-இல் விற்றார். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டவன் வேரோடு வெட்டச் சொன்னதாய் யார் சொன்னது? 1958-இல் ஒருவர் வரைந்து காட்டிய திரைக்கதையைப் படித்து, கதையின் உயிர்நிலையை விட்டுச் சண்டையையும் வேண்டா மாயத்தையும் பெருக்கியதை அவர் இடம் சுட்டிச் சுட்டிக் கண்டித்தார். அதே நோய் அரை நூற்றாண்டுக்குப் பின் அவரில்லாதபோது வந்தது. தந்தையின் கையெழுத்துப் படிகளைப் பதிப்பிப்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட மகன் கிறித்தோபர், 2012-இல் பிரெஞ்சு நாளிதழ் ஒன்றற்கு அளித்த நேர்காணலில், நூலை இளைஞர்க்கான சண்டைப்படமாய் ஆக்கிவிட்டனர் என்று மனம் நொந்தார். 2020-இல் மறையும் வரை அவர் அக்கருத்தினின்று மாறவில்லை.

நமக்குரிய பாடம்

இப்போது நம் வாயிலுக்கு வருவோம். தோல்கீனின் நூல் வேற்று மொழிகளிற் பெயர்க்கப்பட்டபோது, 1950-களில் வந்த டச்சுப் பெயர்ப்பில் அவருடைய பெயர்களை மாற்றியதைக் கண்டு முதலில் சினந்தார். பின்னர் ஆழ எண்ணி, மொழிபெயர்ப்பாளர்க்கென ஒரு கையேடே வரைந்தார். அது 1975-இல் அச்சாயிற்று. அதில் அவர் வகுத்த நெறி தனித்தமிழர் நெறியே: பொருள் விளங்கும் ஆங்கிலப் பெயர்களையெல்லாம் பெயர்ப்போர் தத்தம் மொழியில், பொருளறிந்து, தம் மொழியின் பழஞ்சொற்களால் பெயர்க்க வேண்டும், ஆங்கிலப் பொருள் இல்லாத பெயர்களை அப்படியே விட வேண்டும். 'ஆபிட்டு' என்பதைப் பெயர்க்க வேண்டா என்றார். ஆகவே யானும் பெயர்க்கவில்லை. 'மரத்தாடியன்', 'பாம்புநாவன்' என்று எழுதியது என் துணிவன்று. அவர் இட்ட ஆணை. ஆபிட்டர் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு பழைய ஆட்சிப் பிரிவின் பெயர். நமக்குக் 'கூற்றம்' இருக்கின்றது. சோழர் கல்வெட்டெங்கும் கிடக்கின்றது. ஆங்கிலேயர் ஒருவர் நம் சொல்லை நாமே எடுத்தாள வேண்டுமென்று கேட்கின்றார். நாமோ அவர் சொல்லை அப்படியே ஒலிபெயர்த்து எழுதிவிட்டு அதனைப் பெருமை என்கின்றோம்!

இளைஞர்களே, படம் பாருங்கள், வேண்டா எனவில்லை. ஆனால் படத்தோடு நில்லாதீர்கள். நூலைக் கையிலெடுங்கள். அவ்வூர்மீட்பு இயலை ஒருமுறை படியுங்கள். பின்னர் உங்கள் ஊர் ஏரிக்கரையில் நின்று பாருங்கள். அங்கே வெட்டுண்ட மரம் எத்தனை? அதனை வெட்டியவர்க்கு வழி திறந்த உள்ளூர் இலோதோ யார்? 'வளர்ச்சி' என்றும் 'நலத்திட்டம்' என்றும் பெயர் சூட்டிக்கொண்டு வருவதில், திரட்டுவது எவ்வளவு? பகிர்வது எவ்வளவு? பாம்புநாவன் உங்கள் காதில் 'உன் மொழியால் என்ன பயன்? அது சோறு போடுமா?' என்று ஊதிக்கொண்டிருக்கின்றானா? இவ்வினாக்களைக் கேட்கத் தெரிந்தவனே அந்நூலைப் படித்தவன்.

மொழியைக் கேட்க மறந்த திரை மண்ணையும் காட்ட மறந்ததில் வியப்பொன்றுமில்லை. வேரும் நிலமும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பவை; ஒன்றை விட்டவன் மற்றொன்றையும் விட்டே தீர்வான். அத்திரை விட்டதை நாம் விடமாட்டோம். கொம்பூத எவரும் வெளியிலிருந்து வரப்போவதில்லை. கொம்பு நம் கையில். சொல் நம் வாயில். மண் நம் காலடியில். ஊதுக! எழுக! நடுக!